பலகை பிளக்க பேண்ட்சா வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தடித்த பலகையை விளிம்பில் நிறுத்தி, அதன் கனத்தை இரண்டாகவோ மூன்றாகவோ பிளந்து மெல்லிய பலகைகள் எடுப்பதுதான், மேலும் கீழுமாக உள்ள சக்கரங்களில் வளையமாக ஓடும் நாடா போன்ற பிளேடால் அறுக்கும் பேண்ட்சா செய்யும் வேலைகளிலேயே கடினமானது. இதே வேலையை வட்ட ரம்பத்தில் செய்தால் ஒவ்வொரு அறுப்புக்கும் ஏறத்தாழ 3 மி.மீ. மரம் தூளாகிவிடும், பேண்ட்சாவில் அதில் பாதிதான் சேதம். அதனால்தான் வீட்டுப் பட்டறை வைத்திருப்பவர்கள் பலரும் பேண்ட்சாவைத் தேடுகிறார்கள். ஆனால் வளைவு வெட்டுவதற்கு அருமையாக உழைக்கும் இயந்திரம், ஆறு அங்குல அகலமுள்ள கடின மரத்தைப் பிளக்கும்போது திணறிப்போவது உண்டு. விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் எண்கள் ஒன்றாகவும், பிளப்பதற்கு உண்மையில் வேண்டிய எண்கள் வேறாகவும் இருப்பதே இதற்குக் காரணம்.

முதல் குழப்பம் சக்கரத்தின் விட்டத்தில் தொடங்குகிறது. 14 அங்குல பேண்ட்சா என்றால் 14 அங்குல அகலப் பலகையைப் பிளக்கலாம் என்று எண்ணிவிடுகிறார்கள். அந்த எண் பிளேடு ஓடும் சக்கரத்தின் விட்டத்தைத்தான் குறிக்கிறது. பிளேடுக்கும் இயந்திரத்தின் தூணுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி கிடைக்கும் என்பதை அதிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம், அவ்வளவே. பிளப்பவருக்கு வேண்டியது மேசைக்கும், பிளேடு விலகாமல் பிடிக்கும் மேல் கைடை முழுவதும் உயர்த்திய நிலைக்கும் இடையிலான உயரம். வார்ப்பிரும்புச் சட்டகம் கொண்ட பழைய பாணி 14 அங்குல இயந்திரங்களில் இது பெரும்பாலும் 6 அங்குலந்தான். தூணின் நடுவே ஓர் இரும்புக் கட்டையைச் செருகி இந்த உயரத்தை 12 அங்குலம் வரை கூட்டும் வசதி பல மாதிரிகளில் உண்டு, அப்போது 93.5 அங்குல பிளேடுக்குப் பதிலாக 105 அங்குல பிளேடு தேவைப்படும். உயரம் இரு மடங்கானாலும் மோட்டார் அதேதான், பிளேடை இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் அதேதான் என்பதையும், தூணின் நடுவில் புதிதாக ஓர் இணைப்பு வந்திருக்கிறது என்பதையும் வாங்குபவர் மறந்துவிடுகிறார். எப்போதாவது ஒரு அகலப் பலகையைப் பொறுமையாகப் பிளக்க அந்தக் கட்டை உதவும். வாரந்தோறும் பத்து அங்குலப் பலகை பிளக்கப்போகிறவர், அந்த உயரத்துக்கென்றே வடிவமைக்கப்பட்ட, எஃகுத் தகட்டை வெல்டிங் செய்து உருவாக்கிய பெட்டித் தூண் உள்ள இயந்திரத்தைப் பார்ப்பதே முறை.

அடுத்தது குதிரைத்திறன். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். மோட்டாரின் தகட்டில் 750 வாட் என்று பொறித்துவிட்டு, பெட்டியின் மேல் அதைவிடப் பெரிய எண்ணை அச்சிட்டிருந்தால், நம்ப வேண்டியது தகட்டைத்தான். பெட்டியில் உள்ள எண் நொடிப்பொழுது எட்டும் உச்சத்தைச் சொல்வதாக இருக்கக்கூடும். ஆறு அங்குலம் வரை பிளக்க ஒரு குதிரைத்திறன் போதும், மெதுவாகத் தள்ள மனமிருந்தால். எட்டு, பத்து அங்குலக் கடின மரத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு குதிரைத்திறன் வேண்டும். அந்த மோட்டாரை நீளமான மெல்லிய நீட்டிப்பு வயரில் ஓட்டினால் மின்னழுத்தம் குறைந்து திறனும் குறைந்துவிடும் என்பதால், பட்டறையின் மின்னிணைப்பு தாங்குமா என்பதையும் வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, பிளேடை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கும் வலு இயந்திரத்துக்கு இருக்கிறது என்பதைக் கவனிக்காமல் விடுவது. பிளப்பில் நேர்கோட்டைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இந்த இழுவிசைதான். சாதாரணக் கார்பன் எஃகு பிளேடைச் சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு என்ற அளவில் இறுக்குவது வழக்கம். சதுர மில்லிமீட்டருக்குச் சொன்னால் ஏறத்தாழ 10.5 கிலோ. அரை அங்குல அகலமும் 0.6 மி.மீ. கனமும் உள்ள பிளேடின் குறுக்குவெட்டு சுமார் 8 சதுர மில்லிமீட்டர். ஆகவே ஒரு பக்கத்துக்கு 85 கிலோ. பிளேடு மேல் சக்கரத்தின் இரு பக்கமும் இறங்குவதால் அந்தச் சக்கரத்தை 170 கிலோ கீழே இழுக்கிறது. இதை ஒரு நடுத்தர இயந்திரம் தாங்கிவிடும். இனி, அதே இயந்திரத்தில் முக்கால் அங்குல அகலமும் 0.8 மி.மீ. கனமும் உள்ள பைமெட்டல் (இருவகை எஃகை இணைத்தது) அல்லது கார்பைடு முனை (பல் நுனியில் மிகக் கடினமான உலோகக் கலவை பதித்தது) பிளேடை மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். அவற்றுக்கு 25,000 பவுண்டுக்குக் குறையாத இறுக்கம் வேண்டும். கணக்குப் போட்டால் மேல் சக்கரத்தின் மீது விழும் விசை 500 கிலோவைத் தாண்டிவிடுகிறது. பல் இடைக்குழிகளைக் கழித்தால் சற்றுக் குறையும். ஆனாலும் முதல் கணக்கைப் போல மூன்று மடங்கு என்று கொள்ளலாம்.

விளம்பரத்தில் 'முக்கால் அங்குல பிளேடு வரை பொருத்தலாம்' என்றிருப்பது, சக்கரத்தின் மேல் அந்த அகலம் உட்காரும் என்பதற்கு மட்டுமே உத்தரவாதம். அதைத் தேவையான அளவு இறுக்க முடியும் என்பதற்கு அல்ல. இயந்திரத்தின் இறுக்க அளவுகோலில் பிளேடு அகலத்துக்கு நேராகப் போட்டிருக்கும் கோடுகளும் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியது என்பதைத்தான் காட்டுகின்றன. கடையிலேயே இதைச் சோதிக்க வழி இருக்கிறது. எந்த பிளேடைப் பயன்படுத்தப் போகிறோமோ அந்த அகலத்தில் ஒன்றை மாட்டி இறுக்கச் சொல்லி, ஸ்பிரிங்கின் சுற்றுகளைப் பாருங்கள். போதிய இறுக்கம் வருவதற்கு முன்பே சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டிவிட்டால் அந்த அகலம் அந்த இயந்திரத்துக்கு ஆகாது. பிறகு மேல் கைடை மேசைக்கு அருகே இறக்கி, பிளேடுக்கும் கைடுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்துவிட்டு, உச்சிவரை உயர்த்தி மறுபடி பாருங்கள். இடைவெளி வெகுவாக மாறினால் கைடைத் தாங்கும் கம்பி பிளேடுக்கு இணையாக இல்லை என்று பொருள். இறுக்குவதற்கு முன் சரியாக இருந்து, இறுக்கிய பின் மாறினால் வளைவது சட்டகம். பின்னதைச் சரிசெய்ய வழியில்லை.

இதிலிருந்தே இன்னொன்றும் விளங்கும். அகலமான பிளேடுதான் நேராகப் பிளக்கும் என்ற எண்ணம் பாதி உண்மை. 14 அங்குல இயந்திரத்தில் தொய்வாக ஓடும் முக்கால் அங்குல பிளேடைவிட, நன்றாக இறுக்கப்பட்ட அரை அங்குல பிளேடு நேராகப் பிளக்கும் என்பதே என் தீர்மானம். கனத்திலும் இதே கவனம் வேண்டும். தடித்த பிளேடு சிறிய சக்கரத்தில் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக வளைந்து நிமிர்வதால் களைத்து, பல்லடியில் விரிசல் விட்டு, காலத்துக்கு முன்பே அறுந்துபோகும்.

பற்களின் எண்ணிக்கையில் நடக்கும் தவறு இதற்கு நேர்மாறானது. நிறையப் பல் இருந்தால் வழுவழுப்பாக அறுக்கும் என்று நினைத்து, அங்குலத்துக்கு ஆறு பல் உள்ள பிளேடை மாட்டுகிறார்கள். ஆறு அங்குலப் பலகைக்குள் அப்போது ஒரே நேரத்தில் 36 பல் இருக்கும். ஒவ்வொரு பல்லும் சீவிய தூள், மரத்தைவிட்டு வெளியே வரும்வரை முன்னுள்ள குழிக்குள்தான் அடைந்து கிடக்க வேண்டும். சின்னக் குழி பாதி வழியிலேயே நிரம்பிவிடுகிறது, தூளுக்குப் போக்கிடமில்லை, பிளேடு சூடாகி, முன்னேற முடியாமல் பக்கவாட்டில் ஒதுங்குகிறது. மேலும் கீழும் கோடு சரியாக இருக்க, நடுவில் மட்டும் அறுப்பு வயிறு தள்ளிக்கொண்டு வருவது பெரும்பாலும் இதனால்தான். அங்குலத்துக்கு மூன்று பல்லும், கொக்கி போல் முன்சாய்ந்த பல் வடிவமும் உள்ள பிளேடு இந்த வேலைக்கு ஏற்றது. அறுத்த முகத்தில் வரி விழும். இழைப்புளி அதைப் பார்த்துக்கொள்ளும். இயந்திரத்தோடு இனாமாக வரும் பிளேடை வைத்துப் பிளந்து பார்த்துவிட்டு இயந்திரமே மோசம் என்று முடிவு கட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. வாங்கும் தொகையிலேயே ஒரு நல்ல பிளேடுக்கும் ஒதுக்கிவிடுவது நல்லது.

பேரிங் கைடா, பீங்கான் கட்டைக் கைடா என்ற விவாதத்தில் ஆர்வலர்கள் செலவிடும் நேரத்துக்கு அது தகுதியானதில்லை. சரியாகப் பொருத்தினால் இரண்டும் வேலை செய்யும். பலகையை ஒட்டி நகர்த்த உதவும் தடுப்பான ஃபென்ஸ் அப்படியல்ல. பலகையை நிமிர்த்திப் பிடிக்க அது உயரமாக இருக்க வேண்டும், அதன் கோணத்தை மாற்றவும் முடிய வேண்டும். ஏனெனில் பிளேடு தானாக நாடும் திசை மேசையின் விளிம்புக்கு இணையாக இல்லாமல் சில சமயம் சற்று விலகியிருக்கும். கோணம் மாற்ற முடியாத ஃபென்ஸ் பலகையை அந்தத் திசைக்கு எதிராக அழுத்திக்கொண்டே இருக்கும்.

விலை மலிவாகக் கிடைக்கிறது என்று உலோகம் அறுக்கும் பேண்ட்சாவை வாங்கி மரத்துக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்களும் உண்டு. மர பேண்ட்சாவின் பிளேடு நிமிடத்துக்கு 900 மீட்டர் அளவில் ஓடும்; உலோகத்துக்கானது 100 மீட்டரைக்கூட எட்டாமல் ஓடுவதே வழக்கம். பலகை பிளக்க அது உதவாது.

இடத்தைக் கணக்கிடும்போது இயந்திரம் நிற்கும் சதுரத்தை மட்டும் அளந்துவிட்டு வருகிறார்கள். ஆறடிப் பலகையைப் பிளக்க பிளேடுக்கு முன்னால் ஆறடியும் பின்னால் ஆறடியும் காலியாக வேண்டும். சிறிய அறையில் இதற்கு எளிய தீர்வு, பூட்டக்கூடிய சக்கரத் தளத்தில் இயந்திரத்தை ஏற்றி, ஒரு முனையை வாசலுக்கு நேராகத் திருப்பிவிடுவது. பிளப்பில் வரும் தூள் ஏராளம் என்பதால் 100 மி.மீ. தூள் வாயும் அதற்கேற்ற உறிஞ்சியும் வேண்டும். வீட்டு வேக்குவம் கிளீனரின் காற்றோட்டம் போதாது.

பழைய இயந்திரத்தை வாங்கச் செல்பவர், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மேல் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பேரிங்கின் ஓசையைக் கேட்கட்டும். பிளேடைத் தளர்த்தாமலே நெடுங்காலம் நிறுத்தி வைத்திருந்தால் ஸ்பிரிங் வலுவிழந்திருக்கும், சக்கரத்தின் ரப்பர் பட்டையில் பள்ளம் விழுந்திருக்கும். பேரிங், ஸ்பிரிங், ரப்பர் பட்டை மூன்றையுமே அதிகச் செலவில்லாமல் மாற்றிவிடலாம், விலையைக் குறைத்துக் கேட்கவும் அவை உதவும். ஆனால் வார்ப்பிரும்புத் தூணிலோ மேல் சக்கரத்தைத் தாங்கும் பகுதியிலோ விரிசல் இருந்தால், அதன் மேல் புதுச் சாயம் பூசியிருந்தாலும், ஒட்டுப் போட்டிருந்தாலும், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காமல் திரும்பிவிட வேண்டும்.