விருதுகளை ஒப்பிக்காமல் படிப்பது எப்படி: போட்டித் தேர்வுக்குப் புதிதாகத் தயாராகிறவர்களுக்கு

டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கு முதன்முறையாகப் படிக்க உட்காருகிறவர்களில் பலர், விருதுகள் பகுதி வந்ததும் கைடைத் திறந்து, விருது, ஆண்டு, பெற்றவர் என்று கட்டம் போட்ட பட்டியலை மேலிருந்து கீழே ஒப்பிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் படித்தேன். முப்பது பெயர் வரைக்கும் தாங்கும், அப்புறம் பத்ம பூஷணும் பத்ம விபூஷணும் கலந்துவிடும், தேர்வில் நான்கு ஆப்ஷனும் தெரிந்த பெயராகவே இருக்கும், எதை நிரப்புவது என்று கை நின்றுவிடும். பட்டியல் கடைசியில் வர வேண்டியது. ஒரு விருது ஏன் வந்தது, யார் எந்த விதிப்படி கொடுக்கிறார்கள் என்பது பிடிபட்டால் பாதிப் பெயர்கள் தாமாகவே மனதில் உட்கார்ந்துவிடும்.

முதல் படி: ஒரு நோட்டு, ஐந்து கேள்விகள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒரு விருதுக்கு ஒரு பக்கம். மேலே விருதின் பெயர், கீழே இந்த ஐந்து கேள்விகள்: யார் கொடுக்கிறார்கள்? எதற்காக? எப்போதிலிருந்து? முதலில் வாங்கியவர் யார்? நம்மவர்கள் யார் யார் வாங்கியிருக்கிறார்கள்? இந்த ஐந்துக்கும் பதில் எழுதிய பிறகு, பக்கத்தின் அடியில் "விதியும் விதிவிலக்கும்" என்று நான்கு வரி இடம் விடுங்கள். கூற்று, காரணம் வகைக் கேள்விகளுக்கு அந்த நான்கு வரிதான் கை கொடுக்கும்.

இரண்டாம் படி: பாரத ரத்னாவை வைத்துப் பழகுங்கள்

நாட்டின் மிக உயர்ந்த குடிமை விருது. 1954 ஜனவரி 2 அன்று ஏற்படுத்தப்பட்டது. பிரதமர் பரிந்துரைக்கிறார், குடியரசுத் தலைவர் வழங்குகிறார். அந்த முதல் ஆண்டில் பெற்றவர்கள் மூன்று பேர்: ராஜாஜி, ராதாகிருஷ்ணன், சி.வி. ராமன். ஓசூர் பக்கம் தொரப்பள்ளி, திருத்தணி, திருச்சி என்று அவர்கள் பிறந்த இடங்களைப் பாருங்கள், மூன்றுமே இன்றைய தமிழ்நாட்டு வட்டாரம். இதை ஒருமுறை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்துவிட்டால் "முதலில் பெற்றவர்கள்" என்ற கேள்வியை ஆயுளுக்கும் தப்பவிட மாட்டீர்கள்.

இப்போது அந்த நான்கு வரிக்கு வாருங்கள். 1954-ல் எழுதிய விதியில் மறைவுக்குப் பின் வழங்க இடமில்லை. அடுத்த ஆண்டு அது சேர்க்கப்பட்டது. அப்படி முதலில் பெற்றவர் லால் பகதூர் சாஸ்திரி, 1966-ல். காமராஜர் (1976), எம்.ஜி.ஆர். (1988) இருவருக்கும் மறைவுக்குப் பின்னரே வந்தது. ஓர் ஆண்டில் மூன்று பேருக்கு மேல் இல்லை என்பது வழக்கமான வரம்பு, ஆனால் 2024-ல் ஐந்து பேர் அறிவிக்கப்பட்டார்கள்: கர்ப்பூரி தாக்கூர், அத்வானி, நரசிம்ம ராவ், சரண் சிங், நம் எம்.எஸ். சுவாமிநாதன். 1977-லிருந்து 1980 வரை விருதே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இது அரசியலமைப்புப் பாடத்தோடு ஒட்டுகிற இடம், எனக்கு மிகவும் பிடித்த இடமும்கூட. சரத்து 18 பட்டங்களை ஒழிக்கிறது. அப்படியானால் பாரத ரத்னா எப்படிச் செல்லும்? இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1995-ல் பாலாஜி ராகவன் வழக்கில் வந்த தீர்ப்பு, இவை விருதுகள், பட்டங்கள் ஆகா, ஆகவே பெற்றவர் தன் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போட்டுக்கொள்ளக் கூடாது என்றது. விருதுகளைத் தனியாகவும் அரசியலமைப்பைத் தனியாகவும் படிக்கிறவர்களுக்கு இந்த ஒரு கேள்வி இரண்டு முறை போகும்.

மூன்றாம் படி: பத்ம விருதுகளின் ஏணி

மேலிருந்து கீழே பத்ம விபூஷண், பத்ம பூஷண், பத்மஸ்ரீ. எது மேல் என்று குழம்பினால், பூஷணுக்கு முன்னால் "வி" கூடுதலாக ஏறி நிற்கிறது, அதனால் ஒரு படி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1954-ல் இது பத்ம விபூஷண் என்ற ஒரே பெயரில் மூன்று வகுப்புகளாக இருந்தது, 1955-ல்தான் இப்போதுள்ள மூன்று பெயர்களும் வந்தன. ஓர் ஆண்டில் மொத்தம் 120-க்கு மேல் இல்லை; மறைந்தவர்களும் வெளிநாட்டினரும் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். அரசு ஊழியர்களுக்குக் கிடையாது, ஆனால் மருத்துவர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் விலக்கு உண்டு. யார் வேண்டுமானாலும் யாரையும் பரிந்துரைக்கலாம், தன்னைத் தானே பரிந்துரைத்துக்கொள்ளவும் வழியிருக்கிறது. ஆண்டுதோறும் பெயர்கள் நூற்றுக்கு மேல் வரும், அத்தனையும் படிக்க வேண்டாம். விபூஷண் முழுவதும், மற்ற இரண்டில் தமிழ்நாட்டுப் பெயர்கள் மட்டும் போதும்.

நான்காம் படி: வீர விருதுகளை ஜோடியாகப் படியுங்கள்

எதிரிக்கு முன் காட்டிய வீரத்துக்கு பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா. அதற்கு வெளியே காட்டிய வீரத்துக்கு அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று எழுதினால் மூன்று ஜோடி.

முதல் வரிசை 1950 ஜனவரி 26-ல் ஏற்படுத்தப்பட்டது, ஆனால் 1947 ஆகஸ்ட் 15-லிருந்து செல்லும் என்று முன்தேதி கொடுத்தார்கள். ஏன்? விடுதலை கிடைத்த சில வாரங்களிலேயே காஷ்மீரில் சண்டை வந்துவிட்டது, அங்கே உயிர் கொடுத்தவர்களை விட்டுவிட முடியாது. அதனால்தான் 1947 நவம்பரில் பட்காமில் வீழ்ந்த மேஜர் சோம்நாத் சர்மா முதல் பரம் வீர் சக்ரா ஆகிறார். காரணம் தெரிந்தால் இரண்டு தேதியும் குழம்பாது.

இரண்டு வரிசைக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு பெயர்களை வைத்துப் புரிந்துகொள்ளுங்கள். 1987-ல் இலங்கையில் அமைதிப் படையில் இருந்து உயிரிழந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கு பரம் வீர் சக்ரா. 2014-ல் காஷ்மீரின் ஷோபியானில் தீவிரவாதிகளோடு மோதி உயிரிழந்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு அசோக சக்ரா. இருவருமே ராணுவ அதிகாரிகள்தான், வீரத்தில் ஏற்றத்தாழ்வு பார்த்துக் கொடுத்ததாக நினைத்துவிடாதீர்கள், நடந்த சூழல்தான் வேறு. அசோக சக்ரா ராணுவத்தில் இல்லாதவர்களுக்கும் உண்டு: கராச்சியில் 1986-ல் கடத்தப்பட்ட விமானத்தில் பயணிகளைக் காப்பாற்றி உயிர் விட்ட பணிப்பெண் நீரஜா பானோட் அதைப் பெற்ற முதல் பெண்.

ஐந்தாம் படி: இலக்கிய விருதில் நூலின் பெயர் முக்கியம்

பொருத்துக என்று வந்தால் இங்கேதான் மதிப்பெண் போகும். அகிலனுக்கு "வேங்கையின் மைந்தன்" நூலுக்கு சாகித்திய அகாதமி (1963), "சித்திரப்பாவை"க்கு ஞானபீடம் (1975). இரண்டையும் மாற்றிப் போட்டு ஆப்ஷன் கொடுத்தால் அவசரத்தில் விழுந்துவிடுவோம். ஜெயகாந்தனுக்கு "சில நேரங்களில் சில மனிதர்கள்" நாவலுக்கு சாகித்திய அகாதமி 1972-ல். அவருக்கே வந்த 2002-ஆம் ஆண்டுக்கான ஞானபீடத்துக்கு எந்த நூலின் பெயரும் கிடையாது. ஏனென்றால் 1982-க்குப் பிறகு ஞானபீடம் ஒரு தனி நூலுக்கு இல்லாமல் ஒட்டுமொத்தப் பங்களிப்புக்குத் தரப்படுகிறது. தமிழில் ஞானபீடம் முதலில் பெற்ற இருவர் இவர்கள்தான்.

சாகித்திய அகாதமி 1955-லிருந்து 24 மொழிகளுக்கு என்று மொட்டையாக எழுதிவிடாதீர்கள். விருது தொடங்கியது 1955, மொழிகள் பிறகு சேர்ந்து சேர்ந்துதான் 24 ஆனது. தமிழில் முதலில் பெற்றவர் ரா.பி. சேதுப்பிள்ளை, நூல் "தமிழின்பம்". ஞானபீடத்தின் முதல் விருது 1965-ல், மலையாளக் கவிஞர் ஜி. சங்கர குருப்புக்கு. சரஸ்வதி சம்மான் கே.கே. பிர்லா அறக்கட்டளை கொடுப்பது. தமிழில் இந்திரா பார்த்தசாரதி, அ.அ. மணவாளன், சிவசங்கரி.

ஆறாம் படி: எந்த ஆண்டு என்று இரண்டு முறை கேளுங்கள்

ஒரு மாதிரித் தேர்வில் ரஜினிகாந்துக்கு தாதாசாகேப் பால்கே விருது எந்த ஆண்டுக்கானது என்று கேட்டிருந்தார்கள். நான் படித்த கைடில் 2021 என்று இருந்தது, அதையே நிரப்பினேன், மதிப்பெண் போனது. அது 2019-ஆம் ஆண்டுக்கான விருது, கொடுக்கப்பட்டதுதான் 2021-ல். அன்றிலிருந்து என் நோட்டில் "எந்த ஆண்டுக்கு", "எந்த ஆண்டில்" என்று இரண்டு கட்டம் போட்டுத்தான் எழுதுகிறேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். பால்கே விருதை முதலில் பெற்றவர் தேவிகா ராணி, 1969-க்கு. சிவாஜி கணேசனுக்கு 1996-க்கு, கே. பாலச்சந்தருக்கு 2010-க்கு.

பெயர் மாறிய விருதுகளையும் இதே பக்கத்தில் குறியுங்கள். ராஜீவ் காந்தி கேல் ரத்னா 2021-ல் மேஜர் தியான் சந்த் கேல் ரத்னா ஆனது. முதலில் பெற்றவர் 1991-92-ல் விஸ்வநாதன் ஆனந்த். அர்ஜுனா 1961-லிருந்து வீரர்களுக்கு, துரோணாச்சார்யா 1985-லிருந்து பயிற்சியாளர்களுக்கு.

ஏழாம் படி: நோபலும் நோபல் விட்ட இடங்களும்

ஆல்பிரட் நோபல் 1896 டிசம்பர் 10-ல் இறந்தார், அதே தேதியில்தான் பரிசு வழங்குகிறார்கள். 1901-லிருந்து இயற்பியல், வேதியியல், மருத்துவம், இலக்கியம், அமைதி என்று ஐந்து. பொருளாதாரம் அவர் உயிலில் இல்லை, ஸ்வீடன் நாட்டு மத்திய வங்கி 1968-ல் ஏற்படுத்தி 1969-லிருந்து கொடுப்பது. அமைதிப் பரிசு மட்டும் நார்வேயின் ஓஸ்லோவில், மற்றவை ஸ்டாக்ஹோமில். ஒரு பரிசை அதிகபட்சம் மூன்று பேர் பகிரலாம்.

இந்தியர் பட்டியலில் குடியுரிமையைத் தனியாகக் குறிக்க வேண்டும். தாகூர் (1913), ராமன் (1930), அன்னை தெரசா (1979), அமர்த்தியா சென் (1998), கைலாஷ் சத்யார்த்தி (2014) ஒரு பக்கம். இந்திய வேர் இருந்தும் பரிசு பெறும்போது வேறு நாட்டுக் குடியுரிமை வைத்திருந்த குரானா (1968), சந்திரசேகர் (1983), சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் (2009), அபிஜித் பானர்ஜி (2019) மறுபக்கம். சந்திரசேகர், ராமனின் அண்ணன் மகன். காந்திக்கு அமைதிப் பரிசு வரவே இல்லை. அவர் கொல்லப்பட்ட 1948-ல் அந்தப் பரிசு யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

சரி, நோபலில் கணிதம் இல்லை, கட்டடக்கலை இல்லை, கணினி இல்லை, வேளாண்மை இல்லை. மற்ற உலக விருதுகள் பலவற்றை இந்த இடைவெளி வழியாகவே படித்துவிடலாம். கணிதத்துக்கு நார்வே 2003-லிருந்து தரும் ஏபெல் பரிசு, சென்னையில் பிறந்த எஸ்.ஆர். ஸ்ரீநிவாச வரதனுக்கு 2007-ல்; நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஃபீல்ட்ஸ் பதக்கம். கட்டடக்கலைக்கு பிரிட்ஸ்கர், பி.வி. தோஷிக்கு 2018-ல். கணினிக்கு டியூரிங், கிண்டியில் படித்த ராஜ் ரெட்டிக்கு 1994-ல். பசுமைப் புரட்சியின் நார்மன் போர்லாக் 1970-ல் நோபல் அமைதிப் பரிசு வாங்கினார், வேளாண்மைக்கென்று பரிசு அங்கே இல்லை. பிறகு அவர் முயற்சியில் உலக உணவுப் பரிசு வந்தது, 1987-ல் முதலில் பெற்றவர் எம்.எஸ். சுவாமிநாதன்.

புக்கரும் சர்வதேச புக்கரும் வேறு வேறு. முன்னது ஆங்கிலத்தில் எழுதிய புனைவுக்கு: அருந்ததி ராய் 1997, கிரண் தேசாய் 2006, அரவிந்த் அடிகா 2008. பின்னது ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட நூலுக்கு, பரிசுத் தொகையை எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்கிறார்கள்: 2022-ல் இந்தி எழுத்தாளர் கீதாஞ்சலி ஸ்ரீ, 2025-ல் கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக்.

எட்டாம் படி: ஆளை வைத்து ஒரு பக்கம்

நோட்டின் கடைசிப் பத்துப் பக்கத்தில் விருதை விட்டுவிட்டு ஆளின் பெயரைத் தலைப்பாகப் போடுங்கள். சுவாமிநாதன் பக்கம் இப்படி வரும்: பத்மஸ்ரீ 1967, மகசேசே (பிலிப்பைன்ஸில் தரப்படும் ஆசிய விருது) 1971, பத்ம பூஷண் 1972, உலக உணவுப் பரிசு 1987, பத்ம விபூஷண் 1989, பாரத ரத்னா 2024. ஒரே மனிதரின் வாழ்க்கையில் பத்ம ஏணி முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது பாருங்கள். எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு மகசேசே 1974, பாரத ரத்னா 1998. அப்துல் கலாமுக்கு பத்ம பூஷண் 1981, விபூஷண் 1990, பாரத ரத்னா 1997. இப்படிப் பத்துப் பேர் எழுதினால் போதும், முன்னால் எழுதிய விருதுப் பக்கங்களை இதுவே திரும்பப் படிக்க வைத்துவிடும்.

அப்புறம் நாட்காட்டியில் மூன்று இடத்தில் வட்டம் போடுங்கள். ஜனவரி 25 மாலை பத்ம விருதுகள் அறிவிப்பு, அக்டோபர் முதல் பாதியில் நோபல் அறிவிப்பு, டிசம்பரில் சாகித்திய அகாதமி அறிவிப்பு வழக்கமாக வரும் காலம். அன்றன்றைக்கே செய்தியைப் பார்த்து, அந்தந்தப் பக்கத்தில் ஒரு வரி பென்சிலால் எழுதுங்கள். விருது கைக்கு வழங்கப்பட்ட நாள் தெரிந்த பிறகு பேனாவால் திருத்திக்கொள்ளலாம்.