சவ்வுக் கணிமையின் வலிமை: எங்கே கணக்குத் தவறுகிறது?

உயிரணுவைப் பார்த்து 1998இல் கியார்கே பவுன் முன்வைத்த கணிமை மாதிரியான பி அமைப்பில் சவ்வுகள், அவற்றுக்குள் பொருள்களின் பன்கணம் (ஒரே பொருள் பலமுறை இடம்பெறக்கூடிய தொகுப்பு), பொருள்களை மாற்றும் விதிகள் ஆகியவையே அடிப்படை. 'இது டியூரிங் எந்திரத்துக்கு (எந்தக் கணினி நிரலையும் செய்யவல்ல கோட்பாட்டுக் கணினிக்கு) இணை' என்று ஒரே வரியில் முடித்துவிடுவதுதான் முதல் தவறு. எந்த விதிகளோடு இணை என்று கேட்டாக வேண்டும். இடப்பக்கம் ஒற்றைப் பொருள் மட்டுமே உள்ள எளிய விதிகளால் ஒழுங்கு மொழிகள் (மிக எளிய எந்திரங்களே அடையாளம் காணும் மொழிகள்) தரும் எண்கணங்களைத் தாண்ட முடியாது. விதியில் பங்கேற்றும் தாம் மாறாத பொருள்களான வினையூக்கிகள் இரண்டைச் சேர்த்தாலோ டியூரிங் எந்திரத்தின் முழு வலிமை வந்துவிடும்.

அதிகம் இடறுவது பெரும இணைநிலையில், அதாவது ஒவ்வொரு படியிலும் இயலும் விதிகளை எல்லாம் ஒருசேர இயக்க வேண்டும் என்ற நிபந்தனையில். மூன்று 'அ', ஒரு 'ஆ' இருக்கின்றன. விதிகள்: அஆ → இ, அ → ஈ. முதல் விதி ஒருமுறையும் இரண்டாவது இருமுறையும் நடக்கலாம். இரண்டாவது விதியே மூன்று முறை நடந்து 'ஆ' எஞ்சி நிற்கவும் செய்யலாம். இரண்டுமே சரி. மிச்சமுள்ள பொருள்களைக் கொண்டு இன்னொரு விதியை இயக்க முடியாது என்பதே நிபந்தனை. பொருள்கள் எல்லாம் தீர வேண்டும் என்பதல்ல. நிரல் எழுதும்போது விளைபொருள்களைத் தனிக் கிடங்கில் வைத்து, படி முடிந்தபின் கலக்கவும். உடனே கலந்தால் இப்போது பிறந்த பொருள் அதே படியில் செலவாகி, விடை பிசகும்.

பெரும இணைநிலை என்ற இந்த நிபந்தனையைக் கைவிட்டால் வலிமையும் போய்விடும். 'இந்தப் பொருள் இங்கே இல்லை' என்று கண்டறிய, அதாவது பூச்சியத்தைச் சோதிக்க, வழிகொடுப்பது இதுதான். விதிகளுக்குள் முன்னுரிமை, ஒரு பொருள் இருந்தால் இயங்காத தடுப்பு விதி எதுவும் இல்லாமல் விருப்பப்படி விதிகளை ஓடவிட்டால் மிஞ்சுவது பெட்ரி வலை (பூச்சியத்தைச் சோதிக்க இயலாத, டியூரிங் எந்திரத்தைவிட வலிமை குறைந்த மாதிரி) அளவு ஆற்றலே.

நேரத்தைப் பற்றிய மயக்கம் வேறு. ஒரு சவ்வு இரண்டாகும் சவ்வுப் பிரிவால், n மாறிகளும் m உட்கூறுகளும் கொண்ட நிறைவுறுதிச் சிக்கல் (ஒரு தருக்க வாய்பாட்டை மெய்யாக்கும் மதிப்புகள் மாறிகளுக்கு உண்டா என்ற கேள்வி) n + m-க்கு நேர்விகிதமான படிகளில் முடியும். ஆனால் 2ⁿ சவ்வுகள் வேண்டும். n = 30 என்றால் 1,07,37,41,824. சாதாரணக் கணினியில் அத்தனையையும் ஒவ்வொன்றாக நடத்தியாக வேண்டும். பிரிவே இல்லாத செயலுறு சவ்வுகளால் (தாமும் விதிகளில் பங்கேற்கும் சவ்வுகளால்) பல்லுறுப்பு நேரத்தில் (உள்ளீட்டளவின் n², n³ போன்ற நிலையான அடுக்குக்குள் அடங்கும் நேரத்தில்) தீர்ப்பதை டியூரிங் எந்திரமும் பல்லுறுப்பு நேரத்தில் தீர்த்துவிடும்.

கடைசியாக, அமைப்பைக் கட்டும் செலவையும் பாருங்கள். ஒவ்வொரு n-க்கும் ஓர் அமைப்பைப் பல்லுறுப்பு நேரத்துக்குள் கட்டி, வாய்பாட்டை உள்ளீடாகத் தர வேண்டும். கட்டும்போதே விடையைக் கணக்கிட்டு விதிகளுக்குள் ஒளித்துவிட்டால் சவ்வுகள் எதையும் கணிக்கவில்லை. ஒவ்வொரு படியிலும் எந்த விதிகளைத் தேர்ந்தாலும் எல்லா ஓட்டங்களும் ஒரே 'ஆம்' அல்லது 'இல்லை'யில் முடிகின்றனவா என்பதையும் நிறுவுங்கள். ஓர் ஓட்டம் பிறழ்ந்தாலும் தீர்வு செல்லாது.