பவுடர் கோட்டிங் உரியாமல் போல்ட் முறுக்குவது எப்படி?

பவுடர் கோட்டிங் (பொடியாகத் தூவி, சூட்டில் உருக்கிப் பிடிக்க வைக்கும் பெயிண்ட்) செய்த பைக்கில் போல்ட்டைச் சுற்றி வட்டமாகப் பெயிண்ட் உரிந்திருந்தால், அதிகமாக முறுக்கிவிட்டோம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. அழுத்தத்தோடு சுற்றும் போல்ட் தலைதான் கோட்டிங்கை அரைத்துவிடுகிறது.

1. கோட்டிங்குக்குக் கொடுக்கும்போதே மரைகளில் சிலிக்கோன் பிளக் (ரப்பர் அடைப்பான்) வைக்கச் சொல்லுங்கள். எஞ்சின் மவுண்ட், ஆக்ஸில், பிரேக் காலிப்பர் உட்காரும் முகங்கள் வெறும் இரும்பாகவே இருக்கட்டும். அங்கே கோட்டிங் இருந்தால், பாரம் ஏற ஏற நசுங்கி போல்ட் தளர்ந்துவிடும்.

2. மரைக்குள் பவுடர் போயிருந்தால் டேப் (மரை வெட்டும் கருவி) போட்டுச் சுத்தம் செய்யுங்கள். வழக்கமான பிட்ச் (மரைக்கு மரை உள்ள இடைவெளி) எம்6க்கு, அதாவது 6 மி.மீ. போல்ட்டுக்கு, 1.0 மி.மீ.; எம்8க்கு 1.25. எம்10ல் 1.25, 1.5 இரண்டுமே வரும். பழைய போல்ட்டை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

3. வாஷரில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பிளெய்ன் வாஷரை நகத்தால் தடவிப் பாருங்கள்: ஒரு பக்க ஓரம் மழுங்கலாக இருக்கும், மறுபக்கம் பிசிறு தட்டும். மழுங்கிய பக்கம்தான் கோட்டிங் மேல் உட்கார வேண்டும். ஸ்பிரிங் வாஷரை நேராகக் கோட்டிங் மேல் வைக்கவே கூடாது, அதன் வெட்டு முனை உழுதுவிடும். பல் வைத்த ஃபிளாஞ்ச் போல்ட்டும் (தலையோடு வாஷர் சேர்ந்தே வருவது) அப்படித்தான். நைலான் வாஷர் மட்கார்டுக்கும் நம்பர் பிளேட்டுக்கும் மட்டும்.

4. நட் போடும் இடத்தில் போல்ட் தலையை ரிங் ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத பக்கத்து நட்டைச் சுற்றுங்கள். நட்டுக்கு அடியிலும் வாஷர் வேண்டும். நட் இல்லாமல் மரை பாகத்திலேயே இருந்தால், வாஷரிலிருந்து கோட்டிங் வரை மார்க்கரால் ஒரு கோடு. முறுக்கும்போது கோடு விலகினால் வாஷரும் சேர்ந்து சுற்றுகிறது. உடனே நிறுத்தி, தலைக்கும் வாஷருக்கும் நடுவில் துளி கிரீஸ் தடவுங்கள். வாஷரின் அடியில் படக் கூடாது. ஆனால் டார்க்கில் (முறுக்கு விசையில்) ஏறக்குறைய பாதி தலைக்கடி உராய்வுக்கே போகிறது. கிரீஸ் போட்டுவிட்டு மேனுவலில் உள்ள அதே அளவு முறுக்கினால் போல்ட் நீண்டுவிடும். அதனால் பிரேக், ஆக்ஸில் பக்கம் இந்த வித்தை வேண்டாம்.

5. ஓப்பன் ஸ்பேனரை ஓரம் வையுங்கள், நழுவினால் நேராகக் கோட்டிங்கில்தான் இடிக்கும். ஆறு முனை சாக்கெட் நல்லது. பள்ளத்துக்குள் இருக்கும் போல்ட் என்றால் சாக்கெட்டின் வெளிப்புறம் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று.

6. கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். லாக்டைட் (மரையைப் பிடித்து வைக்கும் பசை) போட்ட போல்ட்டை மட்டும் அசைக்காதீர்கள், பிடி விட்டுப்போகும்.

பிற்சேர்க்கை: கோட்டிங்குக்குப் பிறகு ஹாரன், இண்டிகேட்டர் வேலை செய்யவில்லையா? எர்த் ஒயர் உட்காரும் இடத்தை இரும்பு தெரியச் சுரண்டி முறுக்குங்கள். முறுக்கிய பிறகு மேலே வாஸ்லைன் தடவினால் துரு பிடிக்காது.