மலைக் கொரில்லா பயணம்: புறப்படும் முன்பே செய்துவிடும் தவறுகள்

மலைக் கொரில்லாக்கள் காட்டில் வாழ்வது மூன்றே நாடுகளில்தான்: உகாண்டா, ருவாண்டா, காங்கோ ஜனநாயகக் குடியரசு. கென்யா, தான்சானியா சஃபாரியோடு இதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் உண்டு. அந்த இரண்டு நாடுகளிலும் கொரில்லாவே கிடையாது. உயிரியல் பூங்காக்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் மேற்குத் தாழ்நிலக் கொரில்லா. அது வேறு இனம். மலைக் கொரில்லாக்கள் 2019-இல் வெளியான கணக்குப்படி 1,063 மட்டுமே. கொரில்லாவைப் பார்க்க வாங்கும் பெர்மிட்டின் விலை, குழு அளவு, நேரக் கட்டுப்பாடு எல்லாம் இந்தச் சிறிய எண்ணிக்கையைக் காப்பாற்றுவதற்காக வந்தவை.

முதல் தவறு, விமான டிக்கெட்டை முதலில் எடுப்பது. மனிதர்களுக்குப் பழக்கப்படுத்தப்பட்ட ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளில் எட்டுப் பேர்தான் பார்க்கலாம், அதுவும் ஒரே ஒரு மணி நேரம். மழை குறைவான ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலும் பெர்மிட்டுகள் பல மாதங்கள் முன்பே தீர்ந்துவிடும். எனவே பெர்மிட் தேதி உறுதியாக வேண்டும், அதன்பின் தங்குமிடம், கடைசியில் விமானம். இந்த வரிசை மாறினால் மாற்ற முடியாத டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெர்மிட்டுக்கு அலைய நேரிடும். பெர்மிட் தருவது உகாண்டாவில் உகாண்டா வனவிலங்கு ஆணையம், ருவாண்டாவில் ருவாண்டா மேம்பாட்டு வாரியம். பயண நிறுவனம் மூலம் வாங்கினால் முன்பணம் கட்டிய ரசீது போதாது. உங்கள் பெயரும் தேதியும் உள்ள பெர்மிட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. இனிஷியலை விரித்து எழுதுவது, குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரைப் போடுவது, சில பாஸ்போர்ட்டுகளில் அந்தக் கட்டமே காலியாக இருப்பது என்று ஒரே ஆளுக்கு மூன்று வடிவங்களில் பெயர் இருக்கும். விசா, பெர்மிட், விமான டிக்கெட் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்து மாறாமல் இருக்கட்டும். குழந்தைகளோடு போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 15 வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதி இல்லை, இதில் விலக்குக் கேட்டுப் பயனும் இல்லை.

விலையை மட்டும் வைத்து நாட்டைத் தேர்ந்தெடுப்பது

வெளிநாட்டவருக்கு ருவாண்டாவில் பெர்மிட் 1,500 டாலர். 2017-இல் 750-லிருந்து இரட்டிப்பானது. உகாண்டாவில் 2024 ஜூலை முதல் 800 டாலர். உகாண்டாதான் மலிவு என்று இதோடு முடிவு கட்டிவிடக் கூடாது. ருவாண்டாத் தலைநகர் கிகாலியின் விமான நிலையத்திலிருந்து, கொரில்லாக்கள் வாழும் எரிமலைகள் தேசியப் பூங்கா இருக்கும் கினிகிக்குச் சாலையில் சுமார் இரண்டரை முதல் மூன்று மணி நேரம்தான். உகாண்டாவின் விமான நிலையம் உள்ள என்டெபேயிலிருந்து கொரில்லாக்கள் வாழும் புவிண்டி காட்டுக்கோ எட்டிலிருந்து பத்து மணி நேரம் ஆகும். அதற்கு நான்கு சக்கர இயக்க வண்டி, டிரைவர், கூடுதலாக இரண்டு இரவு வேண்டும். உள்ளூர் விமானத்தில் புவிண்டிக்கு அருகே உள்ள கிஹிஹி அல்லது கிசோரோ போகலாம், ஆனால் 15 கிலோவுக்கு மேல் சுமை ஏற்ற மாட்டார்கள். கையில் நான்கு நாள்தான் என்றால் ருவாண்டாவே சரி. ஒரு வாரமோ அதற்கு மேலோ இருந்தால் உகாண்டாவில் பணம் நிச்சயம் மிச்சமாகும்.

நடுவழி ஒன்றும் உண்டு: கிகாலியில் இறங்கி, சாலை வழியாக எல்லை கடந்து, உகாண்டா பெர்மிட்டில் புவிண்டியில் பார்ப்பது. அதற்கு ருவாண்டா, உகாண்டா, கென்யா மூன்றுக்கும் செல்லும் 100 டாலர் கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா வசதியானது. எந்த நாட்டில் முதலில் நுழைகிறீர்களோ அந்த நாட்டிடமே அதைப் பெற வேண்டும். வாடகைக் காரை எல்லை தாண்டி ஓட்டுவதற்குத் தனி அனுமதிக் காகிதம் கேட்பார்கள். ருவாண்டாவில் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், உகாண்டாவில் நம்மைப் போல இடப்பக்கம். காங்கோவின் விருங்கா பூங்காவில் பெர்மிட் இவற்றைவிட மலிவு. ஆனால் ஆயுத மோதல்களால் அங்கே சுற்றுலா திரும்பத் திரும்ப நின்றுபோயிருக்கிறது, விலையைப் பார்த்து அதை நம்பித் திட்டமிடாதீர்கள்.

புவிண்டியில் தங்கினால் போதும் என்று நினைப்பது

அதிகம் பேர் கோட்டை விடுவது இங்கேதான். புவிண்டியில் புஹோமா, ருஹிஜா, ருஷாகா, நுகுரிங்கோ என்று நான்கு பிரிவுகள். உங்கள் பெர்மிட் அவற்றில் ஒன்றுக்குத்தான் செல்லும். வரைபடத்தில் வடக்கே உள்ள புஹோமாவும் தெற்கே உள்ள ருஷாகாவும் பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது காடு; வண்டி மலைச்சாலையில் சுற்றித்தான் போக வேண்டும், மழை பெய்தால் சேறு. பல மணி நேரப் பயணம் அது. காலை எட்டு மணிக்குள் நடக்கும் விளக்கக் கூட்டத்துக்குத் தாமதமானால் குழு புறப்பட்டுவிடும், பணம் திரும்ப வராது. புஹோமாவில் அழகான விடுதி மலிவாகக் கிடைத்ததே என்று முன்பதிவு செய்துவிட்டு, பெர்மிட் ருஷாகாவுக்கு வந்தால் இதுதான் நடக்கும். பெர்மிட்டில் உள்ள பிரிவின் பெயரைப் பார்த்து, அந்த நுழைவாயிலுக்கு எத்தனை நிமிடம் ஆகும் என்று விடுதியிடம் கேளுங்கள். அரை மணிக்குள் இருந்தால் நல்லது.

ருவாண்டாவில் எல்லாரும் காலை ஏழு மணிக்குக் கினிகி தலைமையகத்தில் கூட வேண்டும். எந்தக் கொரில்லாக் குடும்பம் என்பதை அங்கேதான் பிரித்துக் கொடுப்பார்கள். அங்கிருந்து நடை தொடங்கும் இடத்துக்குப் பூங்கா வண்டி தராது, உங்கள் வண்டியும் டிரைவரும் கூடவே இருக்க வேண்டும். முழங்கால் வலி, மூச்சுத்திணறல் இருந்தால் அந்த நேரத்தில் தயங்காமல் சொல்லுங்கள், பக்கத்தில் இருக்கும் குடும்பத்தை ஒதுக்கப் பார்ப்பார்கள். வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள், நாற்காலியில் வைத்துத் தூக்கிச் செல்லும் வசதியை விடுதி மூலம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.

எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. கொரில்லாக்கள் தினமும் புதிய படுக்கை கட்டித் தூங்குகின்றன. டிராக்கர்கள் விடியற்காலையில் முந்தைய நாள் பார்த்த இடத்துக்குப் போய், தடம் பிடித்து ரேடியோவில் சொல்வார்கள். அரை மணியிலும் முடியலாம், ஆறு மணி நேரமும் ஆகலாம். புவிண்டி 1,160 முதல் 2,607 மீட்டர் வரை உயரமான காடு. ருவாண்டாப் பக்கம் அதைவிட உயரம், சமவெளியிலிருந்து வருகிறவர்களுக்குச் சீக்கிரம் மூச்சு வாங்கும்.

சளியை மறைப்பது

மற்ற தவறுகளில் உங்கள் பணம் போகும். இதில் கொரில்லாவின் உயிர் போகலாம். மரபணுவில் நமக்கு மிக நெருங்கியவை என்பதால் நம் சளியும் காய்ச்சலும் அவற்றுக்குத் தொற்றும். நமக்கு மூன்று நாள் இருமலாக முடிவது அவற்றுக்கு நிமோனியாவாக மாறும். குடும்பமாக நெருங்கி வாழ்வதால் ஒன்றுக்கு வந்தால் குட்டிகள் வரை பரவும். அதனால்தான் முகக்கவசமும் 10 மீட்டர் இடைவெளியும். மாத்திரை போட்டு இருமலை அடக்கிக்கொண்டு உள்ளே போவது மன்னிக்க முடியாத காரியம். 1,500 டாலர் கட்டியவருக்குப் போகாமல் விட மனம் வராதுதான். அதனால்தான் பெர்மிட்டுக்கு முன்னால் ஓரிரு நாள் இடம் விட்டு, கூட்டமான இடங்களைத் தவிர்த்து, உடம்பைத் தேற்றிக்கொண்டு போகச் சொல்கிறோம். நோய் வந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா, தேதி மாற்றலாமா என்பதையும் பெர்மிட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

உகாண்டாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் போடுகிறார்கள். கடைசி வாரத்தில் போய் நின்றால் பயணமே தள்ளிப்போகும். திரும்பும்போது இந்திய விமான நிலையத்திலும் அதே அட்டையைக் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். மலேரியா மாத்திரை பற்றி மருத்துவரிடம் அதே சமயத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடை, பை, கேமரா

நீலகிரிக் காடுகளில் காஞ்சொறி பட்டு அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அதே வகைச் செடி இங்கே இடுப்புயரத்துக்கு நிற்கும், மெல்லிய பேன்ட்டைத் தாண்டியும் சுடும். தடித்த துணியில் முழுக்கால் பேன்ட், முழுக்கைச் சட்டை, தோட்ட வேலைக்கான கையுறை வேண்டும். சரிவில் பிடிமானத்துக்குக் கை தானாகச் செடியைப் பற்றும், அப்போதுதான் கையுறையின் அருமை தெரியும். பேன்ட்டின் நுனியை நீண்ட சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள், இல்லையென்றால் படையெறும்புகள் கால் வழியே ஏறிக் கடிக்கும். புதிய ஷூ வேண்டாம், ஊரிலேயே சில வாரம் போட்டு நடந்து பழகியது போதும். ராணுவ வண்ண உடை அணியாதீர்கள். மழைக்கோட்டு எல்லா மாதத்துக்கும் தேவை, தண்ணீர் இரண்டு லிட்டர். ருவாண்டாவில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை, பொருள்களைத் துணிப்பையில் கட்டிக்கொள்ளுங்கள்.

போர்ட்டர் வேண்டாம் என்று மிச்சம் பிடிக்காதீர்கள். சுமார் 20 டாலருக்கு உங்கள் பையைச் சுமப்பார்கள், சறுக்கும் இடத்தில் கைகொடுத்து ஏற்றிவிடுவார்கள். காட்டோரக் கிராமங்களுக்கு நேரடியாகப் போகும் வருமானம் அது. பழைய, கிழிந்த டாலர் நோட்டுகளை அங்கே வாங்க மாட்டார்கள், புது வரிசை நோட்டுகளாகக் கொண்டுபோங்கள்.

கேமராவில் ஃபிளாஷை மட்டுமல்ல, ஃபோகஸுக்கு உதவும் சிறு விளக்கையும் அணைத்துவிடுங்கள். கறுப்பு முடியைக் கேமரா சாம்பலாக்கிக் காட்டும். கேமராவின் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) முக்கால் முதல் ஒரு ஸ்டாப், அதாவது ஒரு படி வரை, குறைத்தால் முடி கறுப்பாகவே வரும். இலைகளுக்கு அடியில் இருட்டாக இருப்பதால், கேமராவின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணில் 3,200 வரை போகத் தயங்க வேண்டாம். பெரிய டெலி லென்ஸைவிட 70–200 மி.மீ. லென்ஸ்தான் கைகொடுக்கும். முதல் பத்து நிமிடம் கேமராவைத் தொடாமல் பார்த்தால் எது எங்கே நகர்கிறது என்று பிடிபடும், படங்களும் நன்றாக அமையும்.

கொரில்லா உங்களை நோக்கி வந்தால் மெதுவாகப் பின்வாங்குங்கள். வெள்ளி முதுகு ஆண் (முதுகு முடி நரைத்த, வளர்ந்த ஆண் கொரில்லா) பாய்ந்து வருவதுபோல் பயமுறுத்தினால் ஓடக் கூடாது, ஓடினால் துரத்தத் தோன்றும். குனிந்து உட்கார்ந்து, கண்ணைத் தாழ்த்தி, ரேஞ்சர் சொல்வதைச் செய்யுங்கள். விரல் நீட்டிக் காட்டுவது, அங்கே எதையாவது சாப்பிடுவது இரண்டும் கூடாது. காட்டுக்குள் அவசரம் என்றால் கூச்சப்படாமல் ரேஞ்சரிடம் சொல்லலாம். குழி தோண்டித் தந்து, பிறகு மூடிவிடுவார்கள்.

கடைசியாக, கொரில்லா பார்க்கும் நாளன்று மாலை விமானம் போடாதீர்கள். மாலை ஐந்துக்குத்தான் காட்டை விட்டு வெளியே வருகிறீர்கள் என்றால் என்டெபே அன்று எட்டாது. புவிண்டி போகிறவர்கள் அன்றிரவு அங்கேயோ கபாலேக்குப் பக்கத்தில் புன்யோன்யி ஏரிக்கரையிலோ தங்கி, மறுநாள் முழுவதையும் சாலைக்கு ஒதுக்கி, அதற்கு அடுத்த நாள் விமானம் ஏறுவதுபோல் டிக்கெட் எடுங்கள்.