ஒரு ஹதீஸை எடுத்துச் சொல்லும் முன் சரிபார்ப்பது எப்படி?

தொழுகையை நிலைநாட்டுங்கள் என்கிறது குர்ஆன். ளுஹருக்கு எத்தனை ரக்அத், வெள்ளிக்கு எத்தனை திர்ஹத்தில் ஜகாத் கடமையாகிறது என்பதெல்லாம் நபிமொழிகளான ஹதீஸிலிருந்தே கிடைக்கின்றன. அதனால் நபி (ஸல்) அவர்கள் சொல்லாத ஒன்றை அவர்கள் பெயரில் சொன்னால், இல்லாத ஒன்று மார்க்கமாகிவிடும். "கேட்டதையெல்லாம் அறிவிப்பதே ஒருவர் பொய்யர் என்பதற்குப் போதுமானது" என்ற நபிமொழியை இமாம் முஸ்லிம் தம் நூலின் முன்னுரையிலேயே வைத்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே அனுப்புவோர் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான்.

அரபு வாசகத்திலிருந்து தொடங்குங்கள்

தமிழில் புழங்கும் வாசகத்தை வைத்துத் தேடினால் வழிதவறும். "தாயின் காலடியில் சொர்க்கம்" என்பதை எடுத்துக்கொள்வோம். நஸாயீ என்ற ஹதீஸ் நூலில் 3104ஆம் எண்ணில் இருப்பது, போருக்குப் போக ஆலோசனை கேட்டு வந்த ஜாஹிமா (ரலி) அவர்களிடம், தாய் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு, "அவரை விட்டு நீங்காதீர், சொர்க்கம் அவருடைய பாதங்களின் கீழ் இருக்கிறது" என்று நபியவர்கள் சொன்னது. கருத்து ஒன்றுதான். ஆனால் பொன்மொழி போல வழங்கும் வடிவத்தின் அரபு வாசகத்தைத் தேடினால் பலவீனமான வேறொரு அறிவிப்பாளர் தொடரில் (யார் யாரிடம் கேட்டுச் சொன்னார் என்ற வரிசையில்) போய் நிற்பீர்கள். ஆகவே அரபு வாசகத்தில் அடிக்கடி வராத இரண்டு மூன்று சொற்களைப் பிடித்துத் தேடுங்கள். "இல்ம்", "ஈமான்" போன்ற சொற்களைக் கொண்டு தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து குவியும்.

நூலின் பெயரும் எண்ணும்

"நூல்: புகாரி" என்று போட்டிருந்தால் உடனே ஸஹீஹுல் புகாரி என்று எண்ணிவிடக் கூடாது. அதே இமாமின் அல்அதபுல் முஃப்ரத் வேறு நூல். அதில் எல்லாம் ஸஹீஹ் (நம்பகமானது) என்று அவர் நிபந்தனை வைக்கவில்லை; பலவீனமானவையும் உண்டு. ஸஹீஹிலேயே பாடத் தலைப்புகளின் கீழ் தொடர் இல்லாமல் வரும் முஅல்லக் செய்திகளுக்கும் முழுத் தொடருடன் வரும் ஹதீஸ்களுக்கும் தகுதி ஒன்றல்ல. "நூல்: அஹ்மத்", "தப்ரானீ", "பைஹகீ" என்பவை செய்தி எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். அது சரியா என்பதை அவை சொல்வதில்லை.

எண்ணிலும் கவனம் தேவை. முஹம்மத் ஃபுஆத் அப்துல் பாகீயின் எண்முறையில் ஸஹீஹ் முஸ்லிம் 3033இல் முடிகிறது. ஒவ்வொரு அறிவிப்பையும் தனியாக எண்ணும் பதிப்புகளில் 5000ஐத் தாண்டும். தமிழ் மொழிபெயர்ப்பில் பார்த்த எண்ணை அரபுத் தளத்தில் போட்டால் வேறு ஹதீஸ் வருவது இதனால்தான். பாடத்தின் பெயரையும் சேர்த்துக் குறித்துக்கொண்டால் குழப்பம் வராது.

தொடரை எழுதிப் பாருங்கள்

வேலையின் நடுப்பகுதி இதுதான். தமிழ்ப் பதிப்புகள் பெரும்பாலும் நபித்தோழரின் பெயரோடு நிறுத்திக்கொள்வதால் அரபு மூலம் கையில் இல்லாமல் இது நடக்காது. ஒரு தாளில் மேலிருந்து கீழாக எழுதுங்கள். புகாரியின் முதல் ஹதீஸ், "செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே" என்பது: ஹுமைதீ, ஸுஃப்யான், யஹ்யா பின் ஸயீத் அல்அன்ஸாரீ, முஹம்மத் பின் இப்ராஹீம் அத்தைமீ, அல்கமா பின் வக்காஸ், உமர் (ரலி). ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எந்தச் சொல்லால் அறிவிக்கிறார் என்பதையும் எழுதுங்கள். "ஹத்தஸனா" (எங்களுக்கு அறிவித்தார்), "ஸமிஃத்து" (கேட்டேன்) என்றால் நேரடியாகக் கேட்டது. வெறும் "அன்" (அவர் வழியாக) என்றால் கேட்டும் இருக்கலாம், இடையில் ஒருவர் விடுபட்டும் இருக்கலாம். இடையில் உள்ளவரை மறைக்கும் வழக்கமுள்ள முதல்லிஸ் ஒருவர், உதாரணமாக முஹம்மத் பின் இஸ்ஹாக், "அன்" என்று சொன்னால் அங்கே நில்லுங்கள். வேறொரு அறிவிப்பில் அவரே "ஹத்தஸனா" என்று சொல்லியிருந்தால் அந்தக் குறை நீங்கும்.

அடுத்து, இருவரும் சந்தித்திருக்க முடியுமா என்று ஆண்டுக் கணக்குப் போடுங்கள். ஹஸன் அல்பஸ்ரி பிறந்தது ஹிஜ்ரி 21. உமர் (ரலி) ஷஹீதானது ஹிஜ்ரி 23. அப்படியிருக்க "ஹஸன், உமரிடமிருந்து" என்று வந்தால் தொடர் அறுந்தது. அதே ஹஸன் நேரடியாக "நபி (ஸல்) கூறினார்கள்" என்றால் அது முர்ஸல்: நபித்தோழர்களுக்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்தவர், தமக்குச் சொன்னவரைக் குறிப்பிடாமல் நேரே நபியவர்களின் பெயரில் அறிவிப்பது.

ஆட்களை எடைபோடுதல்

அறிவிப்பாளர்களைப் பற்றிய நூல்களில் கையடக்கமாக இருப்பது இப்னு ஹஜர் அல்அஸ்கலானியின் தக்ரீபுத் தஹ்தீப். அறிவிப்பாளர்களை 12 தரங்களாகவும் 12 தலைமுறைகளாகவும் பிரித்து, ஆளுக்கு ஓரிரு வரியில் முடித்திருப்பார். புதியவர்கள் அதில் இரண்டு இடங்களில் விழுகிறார்கள். இறந்த ஆண்டில் நூறுகளை அவர் விட்டுவிடுவார்: மூன்றாம் தலைமுறை முதல் எட்டாவது வரை 100ஐயும், ஒன்பதிலிருந்து 200ஐயும் நாம் கூட்டிக்கொள்ள வேண்டும். இன்னொன்று "மக்பூல்" என்ற சொல். ஏற்கத்தக்கவர் என்று படித்துவிட்டுப் போய்விடுவார்கள். அதே செய்தியை வேறொருவரும் அறிவித்தால்தான் ஏற்கப்படுவார், இல்லையேல் பலவீனர் என்று இப்னு ஹஜரே முன்னுரையில் விளக்கியிருக்கிறார்.

ஒரே ஆளின் ஹதீஸ் எல்லாம் ஒரே தரமாகவும் இராது. எகிப்தின் காழியாக (நீதிபதியாக) இருந்த இப்னு லஹீஆவின் நூல்கள் எரிந்தபின் அவருடைய அறிவிப்புகளில் குழப்பம் ஏற்பட்டது. இப்னுல் முபாரக், இப்னு வஹ்ப் போன்ற பழைய மாணவர்கள் அவர் வழியாக அறிவிப்பவை மற்றவர்கள் அறிவிப்பதைவிட நேர்த்தியானவை. ஆகவே ஆளின் பெயரோடு நிறுத்தாமல், அவரிடம் கேட்டவர் யார் என்பதையும் பாருங்கள்.

"சீன தேசம் சென்றேனும் சீர்கல்வியைத் தேடுங்கள்" என்பதை இந்த வழியில் பார்த்தால் தொடர் அபூ ஆத்திகாவிடம் வந்து நிற்கும். அனஸ் (ரலி) வழியாக அறிவிப்பதாகச் சொல்லும் இவரை "முன்கருல் ஹதீஸ்" (மறுக்கத்தக்க ஹதீஸ்களை அறிவிப்பவர்) என்றார் இமாம் புகாரி. அவர் வாயில் இந்தச் சொல் வந்தால் சாதாரணக் குறை அல்ல; அவரிடமிருந்து அறிவிப்பதே கூடாது என்ற பொருளில்தான் அதைப் பயன்படுத்துவார். இட்டுக்கட்டப்பட்டவற்றைத் தொகுத்த நூலில் இப்னுல் ஜவ்ஸீ இதைச் சேர்த்திருக்கிறார்.

தீர்ப்பை நீங்களே எழுத வேண்டாம்

தொடர் சரியாகத் தெரிந்தாலும் ஸஹீஹ் என்று அறிவித்துவிடாதீர்கள். தொடர் அறாமை, நேர்மை, நினைவாற்றல் மூன்றையும் தாளில் பார்த்துவிடலாம். மிச்சமுள்ள இரண்டு, வலுவானவர்களுக்கு முரணாமலும் மறைவான குறை இல்லாமலும் இருப்பது. எல்லா வழிகளையும் திரட்டி ஒப்பிட்டவருக்கே அவை பிடிபடும். எனவே முந்தைய அறிஞர்களின் தீர்ப்பைத் தேடுங்கள். இமாம் திர்மிதி தம் ஹதீஸ் நூலில் ஹதீஸின் முடிவில் பெரும்பாலும் தம் கருத்தைச் சொல்வார். வெறும் "கரீப்" (தனித்து வருவது) என்று முடித்தால் அது பலவீனம் என்ற குறிப்பாகவே பெரும்பாலும் இருக்கும். இமாம் ஹாகிம் தம் தொகுப்பில் தாராளமாக ஸஹீஹ் என்பார், அதனால் அதன் மீதான தஹபீயின் குறிப்பையும் சேர்த்துப் படியுங்கள்.

பலவீனமான செய்தியை நற்செயல்களின் சிறப்புகள் பற்றிய பேச்சில் சொல்லலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சொல்வோருக்கும் இப்னு ஹஜர் நிபந்தனை வைத்தார்: பலவீனம் கடுமையாக இருக்கக் கூடாது, ஏற்கெனவே உள்ள பொது அடிப்படைக்குள் அடங்க வேண்டும், நபியவர்கள் சொன்னதாக உறுதியாக நம்பிச் செய்யக் கூடாது. அப்போதும் "கூறினார்கள்" என்று சொல்லாமல் "அறிவிக்கப்படுகிறது" என்றே சொல்ல வேண்டும். இட்டுக்கட்டப்பட்டதை, அது அப்படிப்பட்டது என்று சொல்லாமல் எடுத்துரைக்கவே இடமில்லை.

கல்வியைப் பற்றிப் பேச வேண்டுமானால் சீனாவை விட்டுவிட்டு முஸ்லிம் 2699ஐ எடுங்கள்: "கல்வியைத் தேடி ஒருவர் ஒரு பாதையில் நடந்தால், அதன் மூலம் சொர்க்கத்துக்கான பாதையை அல்லாஹ் அவருக்கு எளிதாக்குகிறான்."