வாட்ஸ்அப் குரூப்பில் ஓடும் கம்பெனியை வேறு ஆப்புக்கு மாற்றுவது எப்படி

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆர்டர், சாம்பிள், சாயம், கட்டிங், பேக்கிங் எல்லாமே வாட்ஸ்அப் குரூப்பில்தான் ஓடுகிறது. எங்களிடம் 23 குரூப் இருந்தன. ஒருமுறை நேவி ப்ளூ டி-ஷர்ட்டுக்கு லேப் டிப் (நிறம் சரியா என்று பார்க்கச் சாயம் போட்டுக் காட்டும் சின்ன மாதிரித் துணி) ஏ, பி, சி என்று மூன்று துண்டு வந்து, பையர் (ஆர்டர் கொடுத்தவர்) பி-க்கு ஓகே சொல்லி, அந்த ஓகே நாற்பது மெசேஜுக்கும் இரண்டு பிறந்தநாள் வாழ்த்துக்கும் கீழே போய்ப் புதைந்து, கடைசியில் சாயப்பட்டறைக்குப் போனது சி. 300 கிலோ துணி. வந்து இறங்கிய அன்று யார் அனுப்பியது என்று பார்க்கலாம் என்றால், அனுப்பிய மெர்ச்சண்டைசர் (பையரோடு பேசி ஆர்டரைக் கவனிப்பவர்) அதற்குள் வேலையை விட்டிருந்தார், அனுப்பியதும் அவருடைய சொந்த நம்பரிலிருந்து. அன்றைக்கு முடிவு செய்ததுதான் இந்த மாற்றம். முதல் முயற்சி படுதோல்வி, இரண்டாவதுதான் நின்றது. இரண்டிலும் கற்றதைச் சொல்கிறேன்.

எந்த ஆப் என்று மாதக்கணக்கில் ஆராயாதீர்கள், ஒரு வாரம் போதும். மெயில் எங்கே இருக்கிறதோ அங்கே போவதுதான் சுலபம். எங்கள் மெயில் ஜோஹோவில் இருந்ததால் அவர்களுடைய சாட் ஆப்பான ஜோஹோ கிளிக் எடுத்தோம். மைக்ரோசாஃப்ட் 365 வாங்கியிருப்பவர்கள் தங்கள் பிளானில் டீம்ஸ் இருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம். மேட்டர்மோஸ்ட் என்ற ஆப்பை உங்கள் சொந்த சர்வரிலேயே போடலாம்தான், ஆனால் ராத்திரி அந்த சர்வர் படுத்துவிட்டால் எழுப்ப ஆள் இருக்கிறதா? இலவசம் என்றால் பழைய மெசேஜ் எத்தனை நாள் தெரியும் என்று கேளுங்கள். ஸ்லாக் என்ற ஆப்பின் இலவச பிளானில் கடைசி 90 நாள்தான் தெரியும். நமக்கு ஆர்டர் கையில் வந்து சரக்கு கப்பல் ஏறவே அதற்கு மேல் ஆகிவிடும், அதாவது தகராறு வரும் நேரத்தில் லேப் டிப் ஓகே கண்ணில் படாது.

இன்னொன்றும் கேளுங்கள்: நாளைக்கு இதையும் விட்டுப் போக வேண்டி வந்தால் மெசேஜை எப்படி வெளியே எடுப்பது? இது வெட்டிக் கேள்வி இல்லை. ஹிப்சாட் என்ற ஆபீஸ் சாட் ஆப் 2019-இல் மூடப்பட்டது, ஸ்கைப்பே 2025 மே மாதத்தோடு முடிந்தது. ஸ்லாக்கில் எக்ஸ்போர்ட் எடுத்தால் மெசேஜ் வரும், ஃபைல்களுக்கு லிங்க் மட்டும்தான் வரும். படங்களைத் தனியாக இறக்க வேண்டும்.

சேனல்களை (வாட்ஸ்அப்பில் குரூப் மாதிரி இங்கே சேனல்) டிபார்ட்மெண்ட் வாரியாகப் பிரிப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். நாங்களும் அதைத்தான் செய்தோம், ஒரே வாரத்தில் பழைய குப்பை புது இடத்தில். இப்போது ஒரு ஸ்டைலுக்கு, அதாவது ஆர்டரில் உள்ள ஒரு டிசைனுக்கு, ஒரு சேனல். பெயரில் முதலில் பையர், அடுத்து ஸ்டைல் நம்பர், அவ்வளவுதான். அந்த ஸ்டைலைத் தொடும் ஆட்கள் மட்டும் உள்ளே, சரக்கு போய்ப் பணம் வந்ததும் சேனலை ஆர்க்கைவ் செய்துவிடுவோம். அப்புறம், குட் மார்னிங் படத்துக்கும் பிறந்தநாளுக்கும் 'திண்ணை' என்று ஒரு சேனல் திறந்து விட்டோம். சிரிக்காதீர்கள், அது இல்லாவிட்டால் ரோஜாப்பூ எல்லாம் ஷிப்மெண்ட் சேனலுக்கு வந்துவிடும்.

முதல் முயற்சி எங்கே கவிழ்ந்தது என்றால், கட்டிங், செக்கிங் எல்லாம் நடக்கும் ஃப்ளோரில். ஆபீஸில் உட்கார்ந்து எல்லோருக்கும் இன்வைட் அனுப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்தேன். கட்டிங் மாஸ்டருக்கும் செக்கிங் சூப்பர்வைசருக்கும் கம்பெனி மெயிலே கிடையாது, இன்வைட் எங்கே போய்ச் சேரும்? கட்டிங்குக்கு ஒன்று, பேக்கிங்குக்கு ஒன்று என்று பொது லாகின் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வரும். வேண்டாம். யார் ஓகே சொன்னார் என்று தெரியாமல் போனதால்தானே இந்தப் பாடு. ஆளுக்கு ஒரு மெயில் ஐடி போடுங்கள், செலவு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

இரண்டாவது முறை பெயர் லிஸ்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு டேபிளாகப் போனேன். கட்டிங் மாஸ்டர் போனில் இடமே இல்லை, பேரன் வீடியோவாக நிறைந்திருந்தது. "ஏனுங் தம்பி, இருக்கிற ஆப்பு பத்தாதுன்னு இன்னொண்ணாங்க?" என்றார். இரண்டு பேருமாக உட்கார்ந்து பழைய ஃபார்வர்டுகளை அழித்து, ஆப்பைப் போட்டு, நான் ஒரு மெசேஜ் அனுப்பினேன். வந்தது. போனைப் பையில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். அரை மணி கழித்து இன்னொன்று அனுப்பினேன், வரவில்லை. ஆப் கெட்டுப்போகவில்லை, போன் அதைத் தூங்க வைத்துவிட்டது. பல ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னணியில் ஓடும் ஆப்பை நிறுத்திவிடும், விவோவிலும் ரெட்மியிலும் நான் பார்த்தவரை இது அதிகம். செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, ஆட்டோஸ்டார்ட் என்று இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள். ஒவ்வொரு போனிலும் இதைச் செய்துவிட்டு, அரை மணி கழித்து ஒரு மெசேஜ் அனுப்பிப் பார்த்த பிறகுதான் லிஸ்டில் டிக். 58 போனுக்கு எனக்கு மூன்று நாள் ஆனது. "மெசேஜே வரலைங்க" என்ற பேச்சு அதோடு நின்றது.

டைப் செய்ய வராதவர்கள் வாய்ஸ் அனுப்புவார்கள், அனுப்பட்டும். ஆனால் வாய்ஸைத் தேடி எடுக்க முடியாது என்பதால், ஓகேயா இல்லையா என்பதை மட்டும் ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கிறோம்.

முதலாளி விஷயம். அவர் காலையில் பழைய குரூப்பில் ஒரே ஒரு வாய்ஸ் நோட் போட்டால் போதும், உங்கள் மூன்று நாள் உழைப்பு போச்சு, எல்லோரும் அங்கேயே ஓடுவார்கள். எங்களுக்கு முதல் முறை அதுவும் நடந்தது. ஆகவே முதல் அறிவிப்பை அவரையே புது இடத்தில் போடச் சொல்லுங்கள். சம்பளத் தேதி மாற்றம், லீவு அறிவிப்பு மாதிரி யாரும் படிக்காமல் விட முடியாத செய்தியாக இருக்கட்டும். ஷிப்மெண்ட் நெருக்கடியிலும் தீபாவளி போனஸ் வாரத்திலும் மாற்றத்தைத் தொடாதீர்கள்.

பழைய குரூப்பும் புது ஆப்பும் சேர்ந்து ஓடுவது இரண்டு வாரம், அதற்கு மேல் ஒரு நாள் கூட வேண்டாம். முதல் முறை மூன்று மாதம் ஓட்டினோம், யாரும் நகரவில்லை. மூடும் முன் பழைய குரூப் சாட்டை எக்ஸ்போர்ட் செய்து ஒரு ஃபோல்டரில் வையுங்கள். படம் இல்லாமல் எடுத்தால் கடைசி 40,000 மெசேஜ் வரை வரும், படத்தோடு எடுத்தால் 10,000 வரைதான், அதனால் இரண்டு விதமாகவும் எடுத்துவிடுங்கள். பிறகு குரூப்பில் அட்மின் மட்டும் மெசேஜ் போடலாம் என்று மாற்றி, குரூப் பெயரையே 'மூடியாச்சு, கிளிக்கில் பாருங்க' என்று வைத்துவிடுங்கள். குரூப்பை அழிக்க வேண்டாம், கை பழக்கத்தில் அங்கே போகிறவருக்கு அந்தப் பெயர்தான் வழிகாட்டி.

சாயப்பட்டறை, பிரிண்டிங், பையரின் ஏஜெண்ட் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் இருப்பார்கள், அவர்களை இழுக்க முயன்று மூச்சு வாங்காதீர்கள். வெளியே பேச கம்பெனி சிம் போட்ட போன் ஒன்றை மெர்ச்சண்டைசருக்குக் கொடுங்கள். அதில் வரும் ஓகே அன்றைக்கே அந்த ஸ்டைல் சேனலுக்கு ஸ்கிரீன்ஷாட்டாக வந்துவிட வேண்டும். ஷேடை மட்டும் போட்டோவை நம்பி முடிவு செய்யாதீர்கள், எந்த ஆப்பாக இருந்தாலும் போன் திரை காட்டுவது வேறு நேவிதான். கையெழுத்துப் போட்ட துணித் துண்டு ஃபைலில் இருக்கட்டும்.

வேலையை விட்டுப் போகிறவரின் லாகினை மாலை அவர் கேட்டைத் தாண்டும் முன் நிறுத்துங்கள், அவர் போட்ட மெசேஜ் சேனலிலேயே இருக்கும். அட்மின் இரண்டு பேராக இருக்கட்டும். நான் ஊருக்குப் போயிருந்த ஒரு ஞாயிறு, பாஸ்வேர்டை மறந்த பேக்கிங் சூப்பர்வைசருக்காக ஒரு கல்யாணப் பந்தியில் இலை போட்ட பிறகு எழுந்து வந்திருக்கிறேன்.