மச்சில் கிடப்பதை முற்றத்துக்கு இறக்குங்கள்

இந்த மாசியில் என் மாமியார் வீட்டு மச்சை ஒன்பது நாளில் காலி செய்தோம். மச்சு என்று நாங்கள் சொல்வதை மற்ற ஊர்களில் பரண் என்பார்கள். இந்த வீட்டு மச்சு, ஆள் குனிந்து நடக்கிற உயரத்தில் வீட்டின் முழு நீளத்துக்கும் ஓடுவது. வீடு கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு தாலுகாவில், குழித்துறை ஆற்றுக்குக் கொஞ்சம் மேற்கே. பஸ் ஏறினால் களியக்காவிளை, அதைத் தாண்டினால் பாறசாலை, கேரளம். 1996 உள்ளாட்சித் தேர்தலில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கியபோது நான் வார்டு உறுப்பினராகி ஐந்து வருஷம் பஞ்சாயத்தில் இருந்தேன். அந்த ஐந்து வருஷத்தில் கற்றதும் இந்த ஒன்பது நாளில் கற்றதும் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. வீட்டில் அடைசல் சேர்ந்தவர்களுக்கும், நாட்டில் அடைசல் சேர்ந்துவிட்டதே என்று பொருமுகிறவர்களுக்கும் சேர்த்தே இந்தச் செய்முறையை எழுதுகிறேன்.

வெயில் நாளாகப் பார்த்து ஆரம்பியுங்கள். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூனில் இடவப்பாதி, ஐப்பசியில் துலாவர்ஷம். தையும் மாசியும்தான் காய்ந்து கிடக்கும். சாமான் முற்றத்தில் பரந்து கிடக்கும்போது மழை வந்தால் பாதி நனைந்தபடியே மறுபடி மேலே ஏறிவிடும். அப்புறம் அதை இறக்க இன்னும் பத்து வருஷம் ஆகும்.

முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், மூக்கையும் வாயையும் துணியால் கட்டுங்கள். வௌவால் எச்சம் காய்ந்து கிடந்தால் அப்படியே பெருக்கக் கூடாது, தூசி நேராக நெஞ்சுக்குப் போகும். தண்ணீர் தெளித்து ஊறவைத்து வாரி எடுங்கள். எந்தச் சாக்கையும் கையால் தூக்கும் முன் கம்பால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். எங்களுக்கு மூன்று தேள் கிடைத்தது.

அடுத்ததுதான் முக்கியம். மேலேயே உட்கார்ந்து பிரிக்கத் தொடங்காதீர்கள். எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள், முற்றத்து வெளிச்சத்தில் பரப்புங்கள். இருட்டில் எல்லாமே ஒருநாள் உதவும் என்றுதான் தோன்றும். மேலே ஒருவர் மட்டும் இருந்தால் எது போகும், எது நிற்கும் என்பதும் அந்த ஒருவர் கையில்தான். நாங்கள் இறக்கியவை: ஓலை பிய்ந்த கடவம் என்கிற பெரிய கூடை மூன்று, ரப்பர் பால் உறைய வைக்கிற ஓட்டை டிஷ் பதினாலு, ஒரு அரிக்கேன் விளக்கு, கால் போன பிளாஸ்டிக் நாற்காலிகள், எரியாத டியூப்லைட் ஒரு கட்டு, ஏதோ ஒரு தேர்தலுக்கு வாங்கிய கொடித்துணி, ஒரு தகரப் பெட்டி. வீட்டில் உள்ள ஏழு பேரும் அன்று முற்றத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். சென்னையிலிருந்து வந்த இளைய மகன் முணுமுணுத்தான். ஆனாலும் இருந்தான்.

இந்தப் பழக்கம் எனக்குப் பஞ்சாயத்தில் வந்தது. நான் பொறுப்பேற்றபோது அலுவலகத்தில் ஒரு இரும்பு அலமாரி இருந்தது. அதன் சாவி ஒருவரிடம் மட்டும்தான். உள்ளே என்ன என்று கேட்டால், “பழைய பேப்பர்தான் அக்கா, கரையான் அரிச்சது” என்று பதில் வரும். ஒரு வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தேன். 1997 அக்டோபர் 2 கிராம சபையில் பள்ளிக்கூட வராந்தாவில் பெஞ்சு போட்டு, அந்த அலமாரியில் இருந்த பதிவேடுகளை எல்லாம் வரிசையாக வைக்கச் செய்தோம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பெண்கள் ஆளுக்கு ஒன்றாக எடுத்துச் சத்தமாக வாசித்தார்கள். ஒரு ரோட்டு வேலையின் மஸ்டர் ரோலில், அதாவது கூலியாட்களின் வருகைப் பதிவேட்டில், ஒரு பெயர் வந்ததும் பின்வரிசையில் இருந்து ஒரு அம்மா எழுந்தார். “எங்க வீட்டுக்காரரு செத்து ரெண்டு ஓணம் கழிஞ்சாச்சே, அவரு எப்படி மண்ணு சுமந்தாரு?” என்றார். வராந்தா அப்படியே அமைதியாகிவிட்டது. அவர் பெயருக்கு நேரே கைநாட்டும் இருந்தது, பதினெட்டு நாள் கூலியும் இருந்தது. அதற்கு முன்னால் நாங்கள் கொடுத்த எந்த மனுவும் அந்த ஒரு கேள்வி செய்த வேலையைச் செய்யவில்லை. இப்போது அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. 10 ரூபாய் கட்டி எழுதிக் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். பதிவேட்டை நேரில் பார்க்கவும் கேட்கலாம். கேளுங்கள்.

பிரிக்கும்போது வேண்டும், வேண்டாம் என்று இரண்டு குவியல் போட்டால் சண்டைதான் வரும். ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்து, இதைக் கடைசியாக எடுத்தது யார், எதற்காக என்று மட்டும் கேளுங்கள். பாதிக்கு மேல் பதிலே வராது. அவை தாமாக ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். யாராவது ஒருவர் ‘போடக்கூடாது’ என்றால் பிடிவாதம் என்று தள்ளிவிடாமல் காரணத்தைக் கேளுங்கள். நான் ஏறக்குறைய அந்தத் தவறைச் செய்யப் பார்த்தேன்.

நெல் அளக்கிற இரண்டு நாழிகள் கிடைத்தன. ஒன்று போலவே ஒன்று, வாயில் பித்தளைப் பூண், அடியில் சிராய்ப்பு. நெல் அளந்தே எத்தனையோ வருஷம் ஆயிற்று, வயலெல்லாம் ரப்பராகவும் வாழையாகவும் மாறிப் போனது. பித்தளைக்கு விலை கிடைக்கும் என்று ஒதுக்கி வைத்தேன். நாற்காலியில் இருந்த மாமி, எண்பத்து நாலு வயது, கையை நீட்டினார். “அத களஞ்சிராத மக்கா” என்றார். பிறகு அரிசி கொண்டுவரச் சொன்னார். ஒரு நாழியில் தலைதட்டி நிரப்பினார், அதை மற்றதில் கொட்டினார். மற்றது நிறைந்து ஒரு பிடி அரிசி தரையில் சிந்தியது. “வாங்குறதுக்கு ஒண்ணு, கூலி குடுக்குறதுக்கு ஒண்ணு. நான் கெட்டி வந்தப்போ இந்த வீட்டுல இதுதான் நடந்துது. சின்னத நான்தான் மச்சுல கொண்டு ஒளிச்சேன்” என்றார்.

அந்தப் பிடி அரிசியை நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். 1956இல் மெட்ரிக் அளவுச் சட்டம் வந்து நாழியும் மரக்காலும் மெல்ல வழக்கொழிந்தன. ஆனால் புதுமணப்பெண் ஒருத்தி சட்டத்துக்குக் காத்திராமல் அந்தச் சின்ன நாழியை எடுத்து ஒளித்ததால்தான் இந்த வீட்டில் கூலி சரியாக அளக்கப்பட்டிருக்கிறது. இப்போது இரண்டும் முன்னறை அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் அரிசி போட்டு அளந்து பார்க்கிறார்கள். ஊருக்கும் இப்படித்தான். மாற்றம் என்று சொல்லி எல்லாவற்றையும் ஒரே நாளில் துடைத்துவிட்டால், என்ன அநியாயம் நடந்தது என்பதற்கான சாட்சியும் அதோடு போய்விடும்.

காகிதங்களைக் கடைசி வரைக்கும் தனியாக வையுங்கள். தகரப் பெட்டியில் நிலத்துப் பிரமாணங்கள், அதாவது பத்திரங்கள், இருந்தன, எல்லாம் மலையாளத்தில். 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். அன்றைக்குத்தான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நாலு தாலுகாவும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயிற்று. அதற்கு நேசமணி தலைமையில் எத்தனை வருஷப் போராட்டம்! 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டபோது மாமிக்குப் பதிமூன்று வயது. சத்தம் கேட்டதும் அவர் அப்பா வாசல் கதவுக்குக் குறுக்கே கட்டிலைப் போட்டாராம். அவ்வளவு விலை கொடுத்து அரசு மாறியது. பிரமாணத்தின் எழுத்து மாறவில்லை. எல்லைத் தகராறு ஒன்று வந்தபோது பாறசாலையில் கட்டிக் கொடுத்த நாத்தனாரின் வீட்டுக்காரர் வந்து வாசித்துச் சொன்ன பிறகுதான் எங்கள் கிணறு எங்கள் பக்கம் என்பது உறுதியாயிற்று. பழைய அரசின் காகிதம்தானே என்று எரித்திருந்தால் கிணறு போயிருக்கும். பழந்தாளை நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் வைத்தால் நொறுங்கும். பின் அடிக்காதீர்கள், பாலித்தீன் கவரில் போட்டு மூடாதீர்கள். போட்டோ எடுத்துக்கொண்டு பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

நாலாம் நாள் சாயங்காலம் மூத்த மகன் பாதிச் சாமானை வீட்டுப் பின்சுவரோடு இறக்கிய சாய்ப்பில் அடுக்கிவிட்டு, “மச்சு காலி அம்மா” என்றான். எனக்குக் கோபமே வந்துவிட்டது. இடத்தை மாற்றுவது காலி செய்வது ஆகாது. நம் நாட்டுச் சட்டங்களில் இது நிறைய நடந்திருக்கிறது. சில சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்தி 1871இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1952இல் நாடு முழுவதும் நீக்கப்பட்டது. ஆனால் வழக்கமான குற்றவாளிகள் என்ற பெயரில் மாநிலச் சட்டங்கள் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தன, அதே மக்களைத்தான் போலீஸ் மறுபடி தேடிப் போனது. 1870இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்த்த ராஜதுரோகப் பிரிவு 124ஏ-யை 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1இல் அதற்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதுச் சட்டம் வந்தபோது அந்தச் சொல் இல்லை. அதன் 152ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள், மச்சில் இருந்தது சாய்ப்புக்கு வந்திருப்பது தெரியும். புதுப்பெயரைக் கேட்டு ஏமாறாமல் உள்ளே என்ன இருக்கிறது என்று சாக்கை அவிழ்த்துப் பார்ப்பவர்கள் ஊருக்குப் பத்துப் பேராவது வேண்டும்.

சரி, வேண்டாதது எங்கே போகும்? பழைய சாமான் வாங்குகிற ஆக்கர் கடைக்காரரைக் கூப்பிடும் முன் பித்தளை, செம்பு, அலுமினியம், இரும்பு என்று நீங்களே பிரித்து வீட்டுத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். கலந்து கொடுத்தால் எல்லாவற்றுக்கும் இரும்பு விலைதான். டியூப்லைட்டை உடைக்காதீர்கள், உள்ளே பாதரசம் உண்டு. பிளாஸ்டிக்கை எரிக்காதீர்கள். 2023 மார்ச்சில் கொச்சிக்குப் பக்கத்தில் பிரம்மபுரம் குப்பைக்கிடங்கில் பிடித்த தீ பத்து நாளுக்கும் மேல் புகைந்து நகரத்தையே இரும வைத்தது. அப்புறம் ஒன்று. அடுத்தவர் வேலிக்கு அப்பால் தள்ளிவிட்டுக் கை கழுவாதீர்கள். 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவக் கழிவைத் திருநெல்வேலி கிராமங்களில் கொட்டினார்கள். பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்ட பிறகு கேரளத்திலிருந்து லாரி வந்து திரும்ப அள்ளிப் போனது. அதே கேரளத்தில்தான் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடு வீடாகப் போய் பிளாஸ்டிக்கைப் பிரித்து வாங்குகிறார்கள். கொட்டியவர்களைத் திட்டுவோம், இந்தப் பெண்களைப் பார்த்துக் கற்றுக்கொள்வோம்.

எல்லாம் போன பிறகு வெறும் மச்சில் ஏறிக் கூரை ஓடுகளைப் பாருங்கள். கரையான் எப்படி வந்தது என்று அப்போதுதான் தெரியும். எங்களுக்கு மூன்று இடத்தில் ஓடு விரிசல் விட்டிருந்தது, கூரையைத் தாங்குகிற ஒரு கழுக்கோலின் நுனி உளுத்திருந்தது. ஒழுக்கை அடைக்காமல் சுத்தம் செய்தால் இரண்டு மழையில் பழையபடி ஆகும். தமிழ்நாட்டில் 2016 அக்டோபரிலிருந்து 2020 ஜனவரி வரை தேர்ந்தெடுத்த பஞ்சாயத்தே இல்லாமல் தனி அலுவலர்கள் நிர்வாகம் செய்தார்கள். கேட்க ஆள் இல்லாத அந்த மூன்று வருஷத்தில் நாங்கள் 97இல் தொடங்கிய பதிவேடு வாசிப்பு நின்றுபோனது. வீட்டுக்கும் ஊருக்கும் ஒழுக்கு இப்படித்தான் விழுகிறது. தேர்தல் உரிய நாளில் நடக்க வேண்டும், கிராம சபை கூட வேண்டும், நீங்கள் போய் உட்கார வேண்டும்.

ஓடு மாற்றியதும் மழைக்குக் காத்திருக்காமல் சோதித்துவிடுங்கள். ஒருவர் கூரையில் ஏறி மாற்றிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஒருவர் மச்சில் டார்ச்சோடு இருக்க வேண்டும். போன வாரம் இளைய மகன் ஊற்றினான், நான் டார்ச்சு அடித்தேன். இரண்டு இடம் சரி. மூன்றாவதில் ஒரு சொட்டு என் புறங்கையில் விழுந்தது. ஓட்டுக்காரர் சனிக்கிழமை மறுபடி வருகிறார்.